குருத்தோலை இல்லாத காடு

தென்னையும் பனையும் பேரீச்சையும் முளைக்காத மண்ணில் குருத்து ஞாயிறு எங்ஙனம் கொண்டாடப்படும் என்னும் வினா நமக்கு நெடுநாளாக உண்டு. பனி இன்னும் முற்றும் கரையாத வட நாடுகளில், ஆண்டவரின் எருசலேம் பவனியை நினைவுகூரும் மக்கள் கையில் எதை ஏந்துவார்கள்? கிடைத்த பசுங்கிளையை ஒடித்துக்கொண்டு அமைந்துவிடுவோரே பலர். போலந்து நாட்டின் வடகிழக்கே, நரேவ் ஆற்றை ஒட்டிய பெருங்காட்டில் வாழும் குர்ப்பியே மக்கள் அவ்வாறு அமையவில்லை. இறைவன் தங்கள் மண்ணுக்குத் தராத குருத்தைத் தங்கள் கையாலேயே செய்துகொண்டனர்.

ஒல்லியாய் நெடிது வளர்ந்த இளமரம் ஒன்றை வெட்டி, அதன் உச்சியிலுள்ள பசுமையை மட்டும் விட்டுவைக்கின்றனர். அடிமுதல் நுனிவரை, குளிர்காலத்திலும் இலையுதிராத காட்டுச் செடிகளின் தழைகளைச் சுற்றிக் கட்டுகின்றனர். அதன்மேல் மெல்லிய வண்ணத்தாளில் செய்த பூக்கள், நாடாக்கள். தவக்கால மாலைகளில் வீட்டுப் பெண்கள் கூடியமர்ந்து மடித்த பூக்கள் அவை. சில குருத்துகள் ஐந்தாறு மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும். அவற்றை நிமிர்த்திப் பிடிக்க ஆடவர் சிலர் கூடவேண்டும்.

விஸே என்னும் சிற்றூரில் 1969ஆம் ஆண்டுமுதல் இக்குருத்துகளுக்குப் போட்டி நடந்துவருகிறது. ஞாயிறன்று வெளியூரார் திரள்கின்றனர். பரிசும் வேடிக்கையும் புகுந்தால் பக்தி என்னாகும் என்று வாசகர் கேட்கலாம். நமக்கும் அந்த ஐயம் எழுந்தது. ஆயினும் இன்றைய பிள்ளைகளைப் பாட்டியின் அருகே அமர்த்திப் பூ மடிக்கப் பழக்குவது எதுவாயினும், அதனைக் குறைகூற நாம் துணியோம். பரிசுக்காக மடித்த பூவும் மந்திரிக்கப்பட்டே வீடு திரும்புகிறது.

குர்ப்பியே என்பது அவர்கள் தாமாகச் சூட்டிக்கொண்ட பெயரன்று. மரப்பட்டையின் நாரினால் பின்னிய அவர்களுடைய காலணிக்கு அப்பெயர். அயலார் ஏளனமாக அழைத்ததை அவர்கள் பெருமையாக ஏற்றுக்கொண்டனர். மணற்பாங்கான நிலம், உழவு அதிகம் தராது. ஆகவே வேட்டை, மீன்பிடிப்பு, மண்ணில் தோண்டியெடுக்கும் அம்பர் என்னும் மரப்பிசின் கல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேன் ஆகியவற்றால் பிழைத்தனர். காடு அரசருக்குரியது, அதனால் பிற ஊர்க் குடியானவர்கள் நிலக்கிழார்களுக்குக் கொத்தடிமையாய் உழைத்த காலத்திலும், இவர்களுட் பெரும்பாலோர் அந்த நுகத்திற்கு ஆட்படவில்லை. 1708ஆம் ஆண்டில் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லசின் படையையே எதிர்த்து நின்றனர் என்றால் அவர்களுடைய நெஞ்சுரம் விளங்கும்.

தேனீ வளர்ப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பெட்டிகளில் அன்று, உயிருள்ள பைன் மரத்தில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் பொந்து குடைந்து, அதில் தேனீக்களைக் குடியேற்றினர். கயிற்றைக் கட்டி மரமேறித் தேன் எடுத்தனர். இன்னாரின் மரம் என்பதற்கு அதில் வெட்டிய குறியே சான்று. தேனீக்காரருக்கெனத் தனிச் சங்கமும் தனி நீதிமன்றமும் இருந்தன. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அவர்களுடைய சட்டங்கள் எழுத்திலும் ஏறின. பிறருடைய தேனீக்களை அழித்தவனுக்கு மரண தண்டனை! தேனைக் களவாடுவது பெருங்குற்றமாக இருக்கலாம், அதற்காக உயிரையா எடுப்பது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுமைக்குமான உணவும் வரியும் அந்த ஒரு பொந்தில் இருந்தன என்பதையும் எண்ணவேண்டும்.

போலந்து மொழியில் விலங்கு செத்தால் ஒரு சொல். மனிதர் இறந்தால் வேறு சொல். தேனீக்கு மட்டும் மனிதருக்குரிய சொல்லையே வழங்குவது பழைய மரபு. இதை வீட்டில் சொன்னபோது நம் இளைய மகள், "அப்படியானால் அங்கே தேனீ காலமாகுமா, அப்பா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக நம்மால் மொழிபெயர்க்க இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், அயல் அரசுகள் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டு ஆண்டபோது, மரத்தைக் குடைவது காட்டுக்குக் கேடு எனத் தடுக்கப்பட்டது. தொழில் நலிந்தது. மீண்டும் கற்றுக்கொண்ட சிலரால் இப்போது அது உயிர் பெற்றிருக்கிறது. போலந்து, பெலருஸ் ஆகிய இரு நாடுகளின் இம்மரபை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அம்பரைப் பொடித்துத் தணலில் இட்டால் நறுமணம் கமழும். குர்ப்பியே மக்கள் அதனையே கோவிலில் தூபமாக இட்டனர். அவர்களுடைய பேரூர்களுள் ஒன்றான கஜித்வோவின் பெயருக்கே தூபம் என்றுதான் பொருள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் பெருங்கத்தரிக்கோலால் ஒற்றை வண்ணத் தாளில் மரமும் சேவலும் விண்மீனுமாக வெட்டிச் சுவரில் ஒட்டும் கலைக்கும் அவ்வூர் பெயர்பெற்றது.

இம்மரபுகள் இன்று நமக்குத் தெரிவதற்கு ஒரு சிலரே காரணர். ஆதாம் ஹெந்த்னிக் என்பார் 1927ஆம் ஆண்டில் நொவோகுரூத் நகரில் பழைய மரவீடுகளைக் கொண்டு திறந்தவெளி அருங்காட்சியகம் அமைத்தார். 1939இல் போர் அதனை அழித்தது. பின்னர் மீண்டும் கட்டினார்.

மற்றொருவர் குருவானவர்: அருட்தந்தை விளாதிஸ்வாவ் ஸ்கியெர்கோவ்ஸ்கி. மிஷினியெட்ஸ் பங்கில் துணைக்குருவாகப் பணியாற்றியபோது மக்கள் பாடிய பாடல்களைக் கேட்டார். ஊர் ஊராய்ச் சென்று சொல்லையும் மெட்டையும் எழுதிக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. தாலாட்டும், காதலும், மணப்பெண் தாய்வீடு பிரியும் துயரமும் அவற்றுள் அடங்கும். குருவானவர் காதற்பாட்டை எழுதுவானேன் என்று முகஞ்சுளித்தோர் அன்றும் இருந்திருக்கக்கூடும். அவர் எழுதாதிருந்தால், அப்பாடல்களுட் பல பாடிய கிழவியரோடு கல்லறைக்குச் சென்றிருக்கும்.

நாசிகள் அவரைச் சிறைப்பிடித்தனர். 1941ஆம் ஆண்டில் ஜவ்தோவோ முகாமில் மாண்டார். அதே ஆண்டில் அதே முகாமில் உயிர்நீத்தவர், 1999இல் முத்திப்பேறு பட்டம் பெற்ற புவோட்ஸ்க் பேராயர் நொவோவியெய்ஸ்கி.

போருக்கு முன்பே, புகழ்பெற்ற இசைமேதை கரோல் ஷிமனோவ்ஸ்கி அக்குருவானவரின் தொகுப்பிலிருந்து பாடல்களை எடுத்துப் பாடகர் குழுவுக்காக இசையமைத்திருந்தார். அவற்றுள் ஒன்று, போலந்து நாட்டார் பிறர் வீட்டு வாசலில் கால்வைக்கும்போது இயேசு கிறிஸ்துவைப் போற்றிச் சொல்லும் வாழ்த்தோடு தொடங்குகிறது. காட்டோரக் குடிசையில் பிறந்த அந்த வாழ்த்து, இன்று உலகின் பெரிய அரங்குகளில், அந்நாட்டு மொழியே அறியாதவர் வாயாலும் பாடப்படுகிறது.