பாரம் தாங்கும் எந்திரம்

வீட்டில் முதியவர் ஒருவர் நோயுற்றுவிட்டால் அன்புடைய பிள்ளைகள் முதலில் என்ன செய்கிறார்கள்? அவர் கையிலிருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். கணவனும் மனைவியுமாகிய நாங்களும் அதையேதான் செய்தோம். அந்த அன்பில் ஒரு பிழையும் கலந்திருந்தது என்பதை எங்களுக்குக் காட்டியது எந்தப் பெரியவரின் அறிவுரையும் அன்று. எங்கள் மேசைமீது மூன்று மாத காலம் கிடந்த ஒரு சின்னஞ்சிறு பந்தயக் கார்.

எங்கள் தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீராவி எந்திரங்களும் பின்னர் டீசல் எந்திரங்களும் அவர் கைபட்டு ஓடியவை. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. உயிர் தப்பினார். பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது; இடக்கை மட்டும் திரும்பவில்லை. அன்றுமுதல் பால் வாங்குவது, மின்கட்டணம் கட்டுவது, இரவில் வெளிக்கதவைத் தாழிடுவது ஆகிய அனைத்தையும் நாங்களே ஏற்றுக்கொண்டோம். “அப்பா, நீங்கள் உட்காருங்கள்” என்பதே எங்கள் இல்லத்தில் மிகுதியாக ஒலித்த வாக்கியமாயிற்று.

அவரும் உட்கார்ந்தார். 8 மாதங்கள் தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். முதலில் செய்தித்தாள் படிப்பதை நிறுத்தினார். பிறகு எங்களோடு சண்டையிடுவதை நிறுத்தினார். சண்டையிடாத தந்தையாரை நாங்கள் அதற்குமுன் கண்டதேயில்லை. நோயின் அமைதி என்று எண்ணி, அதற்காக மகிழவும் செய்தோம். எத்தகைய அறியாமை!

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகனுக்கு ஒரு பெட்டியைப் பரிசளித்தார். ஜப்பானில் செய்யப்பட்டது. உள்ளே ஆயத்தமான பொம்மை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் காய்கள்போல் தொங்கும் நூற்றுக்கணக்கான பாகங்களும், அவற்றை எந்த வரிசையில் பொருத்துவது என்று காட்டும் படப்புத்தகமும் இருந்தன. அதன் அளவு 1/12. அதாவது, அசல் காரில் 12 அங்குலமாக இருப்பது இதில் ஓர் அங்குலம். பெட்டிமேல் தீட்டப்பட்டிருந்தது லோட்டஸ் 49 என்னும் ஆங்கிலேயப் பந்தயக் காரின் 1968-ஆம் ஆண்டுத் தோற்றம்.

பையன் அன்றே தொடங்கினான். பதின்மூன்று வயதுக்குரிய அவசரத்தோடு பாகங்களைச் சட்டத்திலிருந்து கையால் முறித்தெடுத்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. அப்போது சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

“தம்பி, முறிக்காதே. வெட்டு. வெட்டிய இடத்துக்கு அரம் போடு.”

பல வாரங்களாக அவர் பேசியவற்றுள் மிக நீண்ட பேச்சு அதுவே. பையன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு தாத்தாவின் காலடிக்கே போய்ச் சேர்ந்தான். சற்று நேரம் கழித்து நாங்கள் வந்து பார்த்தபோது தந்தையாரின் வலக்கையில் கூரிய கத்தி இருந்தது. எங்களுக்குப் பதறிற்று. ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு உணவைத் தொடவுமில்லை.

பையன்தான் எங்களிடம் வழக்குரைக்க வந்தான். “தாத்தாவுக்கு ஒரு கைதானே வரவில்லை? இன்னொரு கை என்ன பாவம் செய்தது?”

எங்களிடம் விடை இல்லை. மறுநாள் காலை கத்தியைத் திருப்பிக் கொடுத்தோம். பையன் உடனிருக்க வேண்டும், தின்னர் வாடை போகச் சன்னல் திறந்திருக்க வேண்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளோடு.

இனி அந்தக் காரின் கதை. பெட்டியிலிருந்த படத்தின்படி வண்டிக்குச் சிவப்பும் வெள்ளையும் பொன்னிறமும் பூச வேண்டும். பக்கவாட்டில் ஒரு சிகரெட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும். அதைக் கண்டதும் தந்தையார் தலையை அசைத்தார். நாற்பது ஆண்டுகள் புகைத்தவர் அவர். தம் நோய்க்கு அப்பழக்கமும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொல்லக் கேட்டவர். “இந்தப் பெயர் நம் வீட்டு வண்டியில் வேண்டாம்” என்றார்.

நூலிலும் கணினியிலும் தேடிப் பையன் ஒரு செய்தி கொண்டுவந்தான். 1968-க்கு முன்னர் பந்தயக் கார்கள் பெரும்பாலும் தத்தம் நாட்டின் நிறத்தையே அணிந்து ஓடின. இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். விளம்பரத்துக்கு இடமளிக்கும் விதிமாற்றம் 1968-இல் வந்தது. பெரிய அணிகளுள் முதலாவதாகச் சிகரெட் நிறுவனத்தின் வண்ணத்தை அணிந்துகொண்டது லோட்டஸ். அதற்கு முந்தைய 1967-ஆம் ஆண்டில் இதே கார் கரும்பச்சை நிறத்தில், நடுவே ஒரு மஞ்சள் கோட்டோடு மட்டும் ஓடியது.

“1967-ஆ?” என்று தந்தையார் நிமிர்ந்தார். அது அவர் தொழில் பழகத் தொடங்கிய ஆண்டு. அப்போதே முடிவாயிற்று. பெட்டியில் உள்ளபடி செய்வதில்லை. 1968-ஆம் ஆண்டுக் காரை 1967-ஆம் ஆண்டுக் காராக மாற்றுவது.

அந்த 1967-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், ஹாலந்து நாட்டுக் கடற்கரையூராகிய சான்ட்வோர்ட்டில் லோட்டஸ் 49 முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. ஓட்டியவர்கள் இருவர். கிரஹாம் ஹில் எல்லாருக்கும் முன்னதாக நின்று புறப்பட்டார். ஆனால் எந்திரக் கோளாற்றால் இடையில் விலக நேர்ந்தது. மற்றவர் ஜிம் கிளார்க். ஸ்காட்லாந்தில் ஆட்டுப் பண்ணை நடத்திய விவசாயி. 1963-லும் 1965-லும் உலக வாகையர். அந்தப் பந்தயத்துக்கு வந்த பிறகே அவர் இந்தக் காரில் முதன்முதலாக அமர்ந்தார். எட்டாம் இடத்திலிருந்து புறப்பட்டு வென்றும் காட்டினார். பத்தே மாதங்களில், 1968 ஏப்ரல் 7-ஆம் நாள், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் வேறொரு காரில் ஓடுகையில் விபத்தில் இறந்தார். பையன் இதைப் படித்துக் காட்டியபோது தந்தையார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அவருடைய எண் என்ன?” என்று கேட்டார். எண் 5. “அதையே போடுவோம்.”

இந்தக் காருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதைத் தந்தையார் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்தபடி நாங்கள் கேட்டோம். மற்றக் கார்களில் வண்டிக்கென்று ஒரு சட்டம் இருக்கும். எந்திரத்தை அதன்மேல் ஏற்றி வைப்பார்கள். சட்டத்துக்கு எந்திரம் ஒரு சுமை. லோட்டஸ் 49-ஐ வகுத்த காலின் சாப்மனும் மாரிஸ் பிலிப்பும் வேறு வழி கண்டார்கள். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வண்டியின் உடல் முடிந்துவிடுகிறது. அங்கே எந்திரம் நேராகப் போல்ட்டுகளால் பூட்டப்படுகிறது; பின் சக்கரங்களின் அமைப்பு எந்திரத்தையே பற்றி நிற்கிறது. முன்பும் சிலர் இம்முறையை முயன்றதுண்டு; ஆனால் இத்துணைத் தெளிவாக எவரும் வெற்றி கண்டதில்லை. இதற்கென்றே கீத் டக்வொர்த் என்பவர் 8 உருளைகள் கொண்ட 3 லிட்டர் எந்திரத்தை வடித்தார். போர்டு நிறுவனம் பணம் தந்தது. டி.எப்.வி. எனப்படும் அந்த எந்திரம் 1983 வரை உலகக் கோப்பைப் பந்தயங்களில் 155 வெற்றிகளைப் பெற்றது.

“அப்படியானால் எந்திரத்தைக் கழற்றிவிட்டால் வண்டிக்குப் பாரம் குறையுமா, தாத்தா?” என்று பையன் கேட்டான்.

“பாரமா குறையும்? வண்டியே இரண்டாகிவிடும். இங்கே சுமக்கிறதே அதுதான்.”

அவர் இரும்பைப் பற்றித்தான் சொன்னார். சமையலறையில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வேலை வளர்ந்தது. தாத்தாவின் ஒரு கையும் பேரனின் இரு கைகளுமாக மூன்று கைகள் உழைத்தன. பையன் சாமணத்தால் பற்றிக்கொள்வான். தந்தையார் அரம் போடுவார். காரின் மூக்கில் இருபுறமும் நீண்டிருந்த சிறு இறக்கைகளை மெல்லிய வாளால் அறுத்தெறிந்தார்கள். பின்புறத்தில் உயர்ந்து நின்ற தகட்டைப் பொருத்தாமலே விட்டார்கள். அறுத்த தழும்புகளைப் பட்டி வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தார்கள். “கண்ணை நம்பாதே, விரலை நம்பு” என்பார் தந்தையார். தடவிப் பார்த்துத் தழும்பு தெரியாத பிறகே பிரைமர். அதன் பிறகே பச்சை. ஒரே பூச்சாகத் தடித்துப் பூசினால் நுண்ணிய வரைகள் மூழ்கிவிடும் என்று, மெல்லிய பூச்சாக ஐந்து முறை பூசினார்கள். மஞ்சள் கோட்டுக்காக இருபுறமும் ஒட்டுநாடா கட்டிய நாளில் வீட்டில் எவரும் உரக்கத் தும்மவும் இல்லை.

எந்திரத்தின் 8 உருளைகளுக்கும் செல்லும் மின்கம்பிகள் பெட்டியில் இல்லை. பழைய மின்விசிறியின் சுருளிலிருந்து மயிர்போன்ற செம்புக்கம்பி எடுத்து, ஊசிமுனையால் துளையிட்டு, எட்டையும் செருகினார்கள். 1968-இல் மாற்றப்பட்ட சில சிறு பாகங்களை மட்டும் எங்கள் வீட்டுக் கருவிகளைக்கொண்டு பழைய வடிவுக்குக் கொண்டுவர இயலவில்லை. “தெரிந்தே விட்டது, தெரியாமல் விட்டதில்லை” என்று தந்தையார் அமைதி கூறினார்.

ஒரு ஞாயிறு. பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்புமுன்பே ஓடிவிட்ட பையன், ஆவல் மிகுதியால் தாத்தாவுக்குக் காத்திராமல் எந்திரத்தை உடலோடு ஒட்டிவிட்டான். பசை இறுகிய பின்னர் சக்கரங்களை மாட்டி மேசையில் வைத்தால், மூன்று சக்கரங்கள் தரையில், நான்காவது அந்தரத்தில். எந்திரம் ஒரு மயிரிழை திருகி நின்றுவிட்டது. சுமக்க வேண்டியது கோணினால் முழு வண்டியும் கோணத்தானே செய்யும்? பையன் அழுதுவிட்டான். அவன் கண்ணீரைக் காணப் பொறாமல், “போகட்டும், மாமாவிடம் சொல்லிப் புதிதாக ஒரு பெட்டி வரவழைப்போம்” என்றோம்.

தந்தையாரின் குரல் எழுந்தது. பணிமனைக்குரிய பழைய குரல். “புதிது வந்தால் இந்தச் சக்கரம் எப்போது தரையில் இறங்குவது? யாரும் அழ வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்.”

கொண்டுவந்தோம். கண்ணாடியைப்போல் மட்டமான பொருள் வீட்டில் வேறில்லை என்றார். அதன்மேல் வண்டியை வைத்து, சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, இடைவெளி எத்தனை காகிதத் தடிப்பு என்று கணக்கிட்டார். பிறகு மெல்லிய வாளால் பசைக்கோட்டின் வழியே, மணிக்கணக்கில், உடலையும் எந்திரத்தையும் பிரித்தார். பிடித்துக்கொண்டவன் பையன். அவன் கை நடுங்கியபோதெல்லாம் நிறுத்தி, “மூச்சு விட்டுக்கொள்” என்றார். இருமுகங்களையும் உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடிமேல் நிறுத்தியவாறே மீண்டும் ஒட்டி, இரவு முழுவதும் எவரும் தொடலாகாது என்று ஆணையிட்டார். அன்றிரவு வெளிக்கதவைத் தாழிட்டவரும் அவரே. யாரும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தாழிட்டார். நாங்களும் “உட்காருங்கள்” என்று சொல்லவில்லை. அவ்வார்த்தை எங்கள் நாவின் நுனிவரை வந்தது என்பதையும் மறைக்க மாட்டோம்.

காலையில் பையன் கடைசிக் காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தான். நான்கு சக்கரங்களின் கீழும் அது நுழையவில்லை.

தவக்காலத்தின் நடுவில் வண்டி முடிந்தது. கரும்பச்சை உடல், மஞ்சள் கோடு, எண் 5. கூர்ந்து பார்ப்பவர்க்கு ஒட்டிய இடத்தில் ஒரு மெல்லிய வரை தெரியும். அதைப் பட்டி வைத்து மறைத்துவிடலாமே என்றோம். “இருக்கட்டும். பையனுக்கு நினைவிருக்கும்” என்றார்.

அதன்பின் நாங்கள் வாங்கிக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கலானோம். வாங்கியதைவிடக் கொடுப்பது கடினமாக இருந்தது. பாலுக்குச் சென்ற இரண்டாம் நாள் தூக்குப்பாத்திரம் கைநழுவி வாசலெல்லாம் பாலாயிற்று. ஓடிப்போய்த் தாங்க எழுந்த கால்களை அடக்கிக்கொண்டு நின்றோம். அவரே துடைத்தார், அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாளும் அவரே போனார். மின்கட்டணமும் வெளிக்கதவும் இப்போது அவருடையவை. தெருப் பிள்ளைகளின் மிதிவண்டிகளும் வாசலுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. அவர் நாற்காலியிலிருந்து சொல்ல, பையன் திருகுகிறான்.

இடக்கை குணமாகவில்லை. இனி ஆகும் என்று மருத்துவரும் சொல்லவில்லை. நோயுற்றவரைத் தாங்க வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே நாங்கள் இன்றும் தாங்குகிறோம். ஆனால் அவர் தாங்க வேண்டிய இடத்திலும் நாங்களே நின்று, வண்டியை இரண்டாக்கி வைத்திருந்தோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்துச் சாய்வு நாற்காலியிலும் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கக் கூடும். அவர் கையிலிருந்து நீங்கள் கடைசியாக வாங்கிக்கொண்ட வேலை எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் வாசலில் உரத்த குரல் கேட்கிறது. செய்தித்தாள் தாமதமாக வந்ததற்கு நாங்கள்தான் காரணமாம். தந்தையார் எங்களோடு சண்டையிடுகிறார். என்ன இனிமை!