பாகற்காய்க்கு விடுதலை!

ஜப்பான் தேசத்தின் தென்கோடியில், கியூஷூ தீவுக்கும் தைவானுக்கும் நடுவே, வளைந்த வில்லைப் போலக் கிடக்கின்றன ரியூக்யூ தீவுகள். அவற்றில் பெரியது ஒகினாவா. அங்கே போய்வந்தவர்கள் நீலக் கடலையும், பவளப் பாறைகளையும், ஷூரி அரண்மனையையும் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். நான் சொல்லப் போவதோ பாகற்காயைப் பற்றி!

சிரிக்க வேண்டாம். தலைநகரமான நாஹாவில் எந்தக் காய்கறிக் கடைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது பாகற்காய்தான். 'கோயா' என்பது அங்கே அதன் பெயர். நம் ஊர்க் காயைவிடச் சற்றுப் பருமன். முள் கொஞ்சம் மழுங்கல். கசப்பு மட்டும் அச்சாக அதேதான். சோயா மொச்சையிலிருந்து எடுத்த 'டோஃபு'வையும் முட்டையையும் பன்றி இறைச்சியையும் அதனுடன் சேர்த்து வதக்கி, 'கோயா சாம்புரு' என்று தட்டில் வைக்கிறார்கள். மாமிசம் உண்ணாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். பாகற்காய்ப் பிட்லை தின்று வளர்ந்த நாக்குக்கு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அந்தக் கசப்பு கிடைப்பதே ஒரு சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருக்கிறது.

இவ்வளவு செல்வாக்குள்ள இந்தக் காய், ஒரு காலத்தில் தீவை விட்டு வெளியே போக முடியாத கைதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

ஈ போட்ட தடை

கைதியாக்கியது சர்க்கார் உத்தரவு. உத்தரவுக்குக் காரணம் ஓர் ஈ. வீட்டு ஈ அளவுதான் இருக்கும். ஆனால் பார்ப்பதற்குக் குளவி மாதிரி. பெண் ஈ தன் வாலில் உள்ள ஊசியால் பிஞ்சுக் காயின் தோலைக் குத்தி, உள்ளே முட்டையிட்டுவிடும். முட்டை புழுவாகிக் காயைக் குடைந்து தின்னும். காய் அழுகி விழுந்ததும், புழு துள்ளி வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். பிறகு ஈயாகி மறுபடி கொடிக்கு வரும். பாகல், வெள்ளரி, பூசணி, முலாம்பழம் எதுவும் அதற்கு விலக்கில்லை.

1919-ல் தென்மேற்கு மூலையிலுள்ள யாயெயாமா தீவுகளில் தலைகாட்டிய இந்த ஈ, 1929-ல் மியாகோ தீவுகளுக்குத் தாவியது. 1970-ல் குமே தீவு. 1972-ல் ஒகினாவாவே அதன் வசமாயிற்று. அந்த 1972-ஆம் வருஷந்தான் அமெரிக்க நிர்வாகத்திலிருந்த ஒகினாவா ஜப்பானிடம் திரும்பி வந்தது. மக்கள் தாய்நாட்டோடு சேர்ந்தார்கள். அவர்கள் தோட்டத்துக் காய்களுக்கோ அங்கே அனுமதி இல்லை. ஒரு காயோடு ஒரு புழு போனாலும், ஜப்பானின் மற்றத் தோட்டங்களுக்கும் பீடை பரவிவிடுமே என்ற பயம்.

மருந்து அடித்துக் கொன்றால் என்ன என்று கேட்பீர்கள். புழு இருப்பது காய்க்குள்ளே. மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. ஈயைக் கொல்லலாமென்றாலோ, அது மலைச்சரிவிலும் புதரிலும் உள்ள காட்டுக் கொடிகளில் குடியிருக்கிறது. தீவு முழுவதையும் விஷத்தால் நனைத்தால் தேனீ போகும், குளவி போகும், கடைசியில் அந்தக் காயைத் தின்கிற மனிதனுக்கும் கேடு.

கோடிக்கணக்கான மாப்பிள்ளைகள்

இந்த இடத்தில்தான் விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான உபாயத்தைக் கையாண்டார்கள். ஈயை ஒழிக்க ஈயையே வளர்ப்பது!

யோசனை புதிதல்ல. எட்வர்ட் நிப்ளிங் என்ற அமெரிக்கப் பூச்சியியலார் வகுத்த வழி அது. 1954-ல் கரீபியக் கடலில் உள்ள குரசாவ் தீவில், கால்நடைகளின் புண்ணில் புழுவைக்கும் ஈயை அந்த வழியில் ஒழித்துக் காட்டியிருந்தார்கள். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சினால் மலடாக்கி வெளியே விட வேண்டும். காட்டுப் பெண் ஈ அவற்றோடு கூடினால் முட்டை இடும். ஆனால் முட்டை பொரியாது. மலட்டு மாப்பிள்ளைகளின் கூட்டம் அசல் மாப்பிள்ளைகளைவிடப் பல மடங்கு இருந்தால், தலைமுறைக்குத் தலைமுறை வம்சம் தேய்ந்து, கடைசியில் அற்றுப் போகும்.

நாஹாவில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழும்பியது. தவிடு, ஈஸ்ட், சர்க்கரை கலந்த உணவில் புழுக்களை வளர்ப்பார்கள். அவை கூட்டுப்புழுவானதும் கோபால்ட்-60 வீசும் காமாக் கதிர்களின் முன் வைப்பார்கள். அசல் எது, மலடு எது என்று பின்னால் தெரிய வேண்டுமே? அதற்காகக் கூட்டுப்புழுக்கள் மீது ஒளிரும் சாயப்பொடி தூவப்படும். கூட்டை உடைத்து வரும் ஈயின் தலையில் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளைக்குத் திலகம் வைத்து அனுப்புவது போல! வேலை மும்முரமாக நடந்த காலத்தில் வாரத்துக்கு 20 கோடி ஈக்கள் என்ற அளவில் இங்கே உற்பத்தியாயின. ஹெலிகாப்டர்கள் அவற்றை ஏற்றிச் சென்று தீவுகளின் மேல் தூவின.

ஆனால் முதல் பரீட்சை நடந்தது குமே தீவில். நாஹாவிலிருந்து மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர். ஆகாய விமானத்தில் அரைமணி நேரப் பிரயாணம். கரும்புத் தோட்டங்களும் பட்டு நெசவும் உள்ள அமைதியான ஊர். 1975-ல் அங்கே மலட்டு ஈக்களை விட ஆரம்பித்தார்கள். 1978-ல் குமேயில் ஈ இல்லை என்று அறிவித்தார்கள். பிறகு 1987-ல் மியாகோ, 1990-ல் ஒகினாவா, 1993-ல் யாயெயாமா. இருபத்தோரு வருஷ உழைப்பில் பறக்கவிட்ட ஈக்கள் சுமார் 5,300 கோடி!

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒகினாவாவின் சில இடங்களில் காட்டுப் பெண் ஈக்கள் தொழிற்சாலை மாப்பிள்ளைகளை ஏற்க மறுக்கத் தொடங்கின! இயற்கை அவ்வளவு சுலபமாக ஏமாறுவதில்லை. ஈ மிகுந்த இடங்களில் கூடுதலாக மலட்டு ஈக்களைக் கொண்டுபோய் விட்டுத்தான் காரியத்தை முடித்தார்கள்.

பூசாவில் வீசிய வாசனை

மாம்பழத்தையும் கிச்சிலியையும் பப்பாளியையும் குடையும் இன்னொரு பழ ஈயும் இந்தத் தீவுகளில் இருந்தது. அதற்குப் பிரயோகித்த ஆயுதம் வேறு. அதன் கதை தொடங்குவது நம் நாட்டில்.

பீகாரிலுள்ள பூசாவில், ஹௌலெட் என்ற பூச்சியியலார் வேலை பார்த்து வந்தார். கொசு கடிக்காமலிருக்க அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெயைத் தடவிக்கொண்டார். கொசு போயிற்று, ஈக்கள் வந்து மொய்த்தன! ஹௌலெட் பரிசோதித்தபோது அத்தனையும் ஆண் பழ ஈக்கள். 1912-ல் இதைப் பற்றி எழுதினார். அவற்றை மயக்கும் பொருள் மெதில் யூஜினால் என்பதையும் சில வருஷங்களில் கண்டுபிடித்தார். நம் வீட்டு மாடத்துத் துளசியிலும் அந்தப் பொருள் உண்டு.

இந்த வாசனையையும் சொற்ப அளவு பூச்சி மருந்தையும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளை ஒகினாவாக்காரர்கள் தீவெங்கும் போட்டார்கள். ஆண் ஈக்கள் தேடி வந்து மடிந்தன. துணையில்லாத பெண் ஈக்களின் முட்டை வீணாயிற்று. 1986-க்குள் அந்தத் தீவுகள் முழுவதிலும் இந்த ஈ அற்றுப் போயிற்று.

காவல் ஓய்வதில்லை

வெற்றி கிடைத்ததும் தூங்கிவிட முடியவில்லை. தென்திசைக் காற்று எப்போது எதைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. 2024-ல் ஒகினாவாவின் வடபகுதியில், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் ஈ பிடிபட்டது. 2025-ல் அங்கிருந்து பாகல், வெள்ளரி வகைகளைச் சோதனையின்றி வெளியே அனுப்ப மறுபடி தடை வந்தது. வீட்டுக் கொல்லையில் ஆசையாகக் கொடி போட்டவர்களும் கவலைப்பட வேண்டியதாயிற்று. அந்தப் புது எதிரிக்கும் மலட்டு ஈக்களையே ஏவினார்கள்.

நம் ஊர் மாம்பழத்தையும் பாகற்காயையும் குடைவது ஒகினாவா விரட்டிய அதே இரண்டு ஈக்கள்தான். நமக்கோ கடல் அகழி கிடையாது. ஆகவே அடியோடு ஒழிப்பது கடினம். அடக்கி வைப்பது முடியும். உதிர்ந்த காயையும் பழத்தையும் அன்றாடம் பொறுக்கி ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும். எறும்பும் குருவியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிஞ்சுக்குக் காகிதப் பையோ துணிப் பையோ மாட்டலாம். மாந்தோப்பில் மெதில் யூஜினால் பொறிகளைத் தொங்கவிடலாம். பாகற்பந்தலுக்கு 'க்யூ லூர்' என்ற வேறு வாசனைப் பொறி உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பக்கத்துத் தோப்புக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன். ஈக்கு வேலி தெரியாது!

இப்போது டோக்கியோ கடைகளிலும் கோயா கிடைக்கிறது. ஒகினாவா விவசாயிகளின் மனக்கசப்பு தீர்ந்தது. பாகற்காயின் கசப்பைத்தான் எந்த விஞ்ஞானியும் போக்கவில்லை, போக்கவும் வேண்டாம்!