மூன்று நாள் விரதம்

தாய்லாந்தில் பெட்சபுரிப் பக்கம் புக்தியன் என்றொரு கடற்கரை. கரையோரத் தண்ணீரில் பிரம்மாண்டமாக ஓர் அரக்கி சிலையாக நிற்கிறாள். கரைப் பாறையில் உட்கார்ந்து ஓர் இளவரசன் குழல் ஊதுகிறான். கருத்தரங்குக்கு வந்திருந்த எங்களைப் பேருந்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். எல்லோரும் இளவரசனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

சுந்தோன் பூ (1786–1855) எழுதிய ‘பிரா அபய் மணி’ காவியத்தின் காட்சி அது. குழல் என்கிறேனே தவிர, நம் நாகசுரம்போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. அதன் இசையில் மயங்கித்தான் அரக்கி அவனைக் கடலடிக் குகைக்குத் தூக்கிப் போகிறாள். அழகியாக உருமாறுகிறாள். அவள் கண்ணில் பாவை இல்லாததைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தேதான் வாழ்கிறான். சின்சமுத் என்று ஒரு பிள்ளை. எட்டு வயதில் அவன்தான் குகையை அடைத்திருந்த பாறையைப் புரட்டுகிறான். அந்தப் பலம் அவனுக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

அரக்கியின் பெயர் பீசுவா சமுத். சமுத் நம் சமுத்திரம்தான். பீசுவா என்றால் இன்றைய தாய் மொழியில் வண்ணத்துப்பூச்சி. அபய் என்பது நம் அபயம், அங்கே அதற்கு மன்னிப்பு என்றும் பொருள். மன்னிப்பைப் பெயரில் வைத்திருப்பவன்தான் கடைசியில் அவளைக் கொல்கிறான்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் வருகிறது. ஆங்கிலத்தில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். யாரோ தன் கண்களைப் பிடுங்குவதாக அரக்கி கனவு காண்கிறாள். பயந்துபோய் அவனிடம்தான் சொல்கிறாள். கெட்ட சகுனம், தனியாகப் போய் மூன்று நாள் சாப்பிடாமல் விரதம் இரு, தோஷம் போகும் என்கிறான். நம்பிப் போகிறாள். அந்த மூன்று நாளில் அவனும் பிள்ளையும் கடல் மனிதர்களின் முதுகேறித் தப்பிவிடுகிறார்கள். பட்டினியில் துவண்டு திரும்பியவளுக்கு வெறும் குகை.

“ரொம்ப டென்ஷனா இருக்க. மூணு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வா, மனசு ஆறும்” என்றுதான் அவரும் என்னிடம் சொன்னார். அக்கறை என்று நினைத்தேன். ஞாயிறு இரவு திரும்பி வந்தபோது, அலமாரியில் அவர் புத்தகங்கள் இருந்த இடங்களில் மட்டும் தூசி படியாத கட்டங்கள். உன்னோடு இருந்தது சிறை என்று பிறகு வக்கீல் முன்னால் சொன்னார்.

அரக்கிக்காக வாதாடுவது எனக்குச் சுலபமில்லை. அவள் அவனைக் கேட்டுத் தூக்கிப் போகவில்லை. துரத்தி வரும்போது, உதவிய கடல்கன்னியின் அப்பாவையும் அம்மாவையும் கொல்கிறாள். அவன் தப்பியது நியாயம். என்னவர் சொன்னதிலும் பாதி உண்மை. அவர் போனை, நண்பர்களை, வீடு திரும்பும் நேரத்தை நான் காவல் காத்திருக்கிறேன். பாறையை நானும்தான் உருட்டி வைத்தேன். ஆனால் அவள் பயத்தை அவளுக்கு எதிராகவே திருப்பினானே, அதற்கு என்ன பெயர்?

இந்தப் பகுதி அங்கே ஒன்பதாம் வகுப்புப் பாடம். தலைப்பு, அபய் மணி அரக்கியிடமிருந்து தப்புதல். தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது. நானும் சூர்ப்பணகைப் படலத்தை இருபது வருடமாக இப்படித்தான் நடத்தி வந்திருக்கிறேன்.

அவன் ஏறிய கப்பலை அவள் கவிழ்க்கிறாள். கடைசியில் ஒரு கரையில் உட்கார்ந்து அவன் மறுபடி குழல் ஊதுகிறான். அவளை வரவழைத்த அதே குழல். கேட்டுக்கொண்டே நெஞ்சு வெடித்துச் சாகிறாள். சுந்தோன் பூ அவளைக் காதைப் பொத்திக்கொள்ள விட்டிருக்கலாம்.

பேருந்து ஹாரன் அடித்தது. தண்ணீரில் நின்றவளை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏறினேன்.