கையாளின் பெயர்

சாவகச்சேரியில் அம்மாவின் வீட்டுக் கூரையைக் கழற்றிப் புது ஓடு போட வேண்டியிருந்தது. மேசனையும் தச்சரையும் நாங்களே நாட்கூலிக்குப் பிடிப்போம் என்றார் அம்மா. பத்து மணிக்குத் தேநீரும் பணிசும் கொடுத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்குவது அவருக்குப் பழகிய முறை. வேலைக்குப் போகிற எனக்கு அது சரிவராது. எல்லாவற்றையும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தேன். ஒரே தொகை, ஒரே திகதி.

அவர் கூரையை இன்னொருவருக்குக் கொடுத்தார், வயரிங்கை வேறொருவருக்கு. கூரைக்காரர் கூட்டிவந்த கையாள் மூன்றாம் நாள் பலகையிலிருந்து வழுக்கி விழுந்தான். கை முறிந்துவிட்டது.

"அவன் என்ர ஆள் இல்லை" என்றார் கொந்தராத்துக்காரர். "ரெண்டு நாளைக்கு வந்தவன்தானே" என்றார் கூரைக்காரர். மறுநாள் அவன் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, நாங்கள் ஆரிட்டக் கேக்கிறது?"

சமூகவியல் படித்தவள் நான். முறைசாராத் துறை பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எங்கள் உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தேன். எத்தனை பை சீமெந்து, எந்த ரக ஓடு எல்லாம் இருந்தது. கூரையில் ஏறுகிறவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

தன் தொழில் வேலையைத் துணைக் கொந்தராத்துக்கு விடுகிறவர் அங்கே காயப்படுகிறவருக்கும் பொறுப்பு என்கிறது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். கட்டடம் கட்டுவது என் தொழிலல்ல, ஆகவே அது என்னைப் பிடிக்காது. அதை அறிந்தபோது வந்த நிம்மதியை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கொந்தராத்து மலிவாகத் தெரிந்த காரணமும் விளங்கியது. நாட்கூலி ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் வேலை கொடுப்பவர் கட்டவேண்டும். இங்கே எவரும் கட்டவில்லை.

நட்டஈட்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுபோனேன். பெடியன் கையெழுத்திட மறுத்துவிட்டான். "பிறகு ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடமாட்டினம், அக்கா."

கடைசித் தவணைப் பணத்தைப் பிடித்து வைத்தேன். இரண்டு கிழமை முகம் கொடுக்காத கொந்தராத்துக்காரர், பிறகு அவனுக்கு ஆறு கிழமைக் கூலி கொடுத்தார். சட்டப்படியான நட்டஈடல்ல, வாயை மூடக் கொடுத்த காசு.

குசினி வேலை இன்னும் கிடக்கிறது. அம்மா நாட்கூலிதான் என்று நிற்கிறார். நான் வேறொரு கொந்தராத்துக்காரரிடம், வேலைக்கு வருகிறவர்களின் பெயர்களை எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போனவர் இன்னும் தரவில்லை.