அக்கா வீட்டுக்குக் குறுக்கு வழி

சகோதரிகளே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் பிறந்த வீடு எவ்வளவு தூரம்? மைல் கணக்கை நான் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால், அங்கே போய் 'அப்பாடா' என்று உட்கார எத்தனை நேரமாகும் என்றுதான் கேட்கிறேன்.

எனக்குத் தாயார் இல்லை. அம்பத்தூரில் இருக்கும் அக்கா வீடுதான் எனக்குப் பிறந்த வீடு. நான் வாழ்க்கைப்பட்டதோ தாம்பரத்தில். சென்னைக்கு ஒரு கோடியில் நான், இன்னொரு கோடியில் அவள். அந்த நாளில் அவளைப் பார்க்கப் போவதென்றால் அது ஒரு யாத்திரைதான். 1931-ஆம் வருஷத்திலிருந்து ஓடுகிற நம் மின்சார ரயிலில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்க வேண்டும். ஒரு கையில் பெண், மறு கையில் பை, இடுப்பில் பிள்ளை. இந்தக் கோலத்தில் ரோட்டைத் தாண்டி சென்ட்ரல் பக்கம் போய், திருவள்ளூர் வண்டியைப் பிடிக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதேதான். காலையில் கிளம்பினால் அக்கா வீட்டில் இலை போடும் நேரத்துக்குப் போய்ச் சேருவோம். பட்ட சிரமத்துக்கு ஈடாக நாலு நாளாவது தங்காமல் திரும்பியதில்லை.

பிறகுதான் பைபாஸ் ரோடு வந்தது.

அது எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். சென்னையிலிருந்து நாலு பெரிய ரஸ்தாக்கள் கிளம்புகின்றன. திருச்சிக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று. 45, 4, 205, 5 என்று அவற்றின் பழைய எண்கள் பலருக்கு மனப்பாடம். 2010-இல் தேசம் முழுவதும் எண்களை மாற்றியபோது இவை 32, 48, 716, 16 ஆகிவிட்டன. விரித்த விசிறியின் குச்சிகள் மாதிரி நிற்கும் இந்த நான்கையும் ஊருக்குள் நுழையாமலே கோத்துக் கட்டுகிற கயிறுதான் இந்த பைபாஸ். தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் ஆரம்பித்து மதுரவாயல் வரையில் முதலில் 19 கிலோ மீட்டர் போட்டார்கள். அங்கிருந்து புழல் வரையிலான 13 கிலோ மீட்டர் 2010 வாக்கில் முடிந்தது. ஆக மொத்தம் 32 கிலோ மீட்டர். தூத்துக்குடியிலிருந்து ஆந்திரா போகிற லாரி, சென்னையின் தெருக்களைப் பார்க்காமலே போய்விடலாம்.

லாரிக்காகப் போட்ட ரோடு எனக்கும் உபயோகமாயிற்று.

போகிற வழியை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? அது முழுக்க ஏரிச் சீமை. முதலில் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது ஐதீகம். அப்புறம் அடையாற்றைத் தாண்டுகிறோம். சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கும் காமாட்சி குடியிருக்கும் மாங்காட்டுக்கும் மேற்கே கிளை வழிகள் பிரிகின்றன. போரூர் ஏரியின் ஓரத்தை மிதித்துக்கொண்டு போய், மதுரவாயலருகே கூவத்தைக் கடந்தால் அயனம்பாக்கம் ஏரி, அம்பத்தூர் ஏரி. கடைசியில் சென்னைக்கே குடிதண்ணீர் கொடுக்கிற புழல் ஏரி. தண்ணீர் வந்து தங்கும் பூமியில் மண்ணைக் கொட்டி மேடாக்கி ரோடு போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதில் போகும்போதெல்லாம் எனக்கு ஆழ்வாரின் ஞாபகம் வரும். வெள்ளம் வடியட்டும் என்று அவர் காத்திருந்தார். நமக்கு ஆறு நிமிஷம் காத்திருக்கவும் பொறுமையில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகித் தாம்பரம், முடிச்சூர் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தபோது, தன் இடத்தைத் தண்ணீர் மறப்பதில்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம்.

அக்கா வீட்டில் பால் ஊற்றுகிற அம்மாள் ஒருத்தி உண்டு. மாட்டுக் கொட்டகை ரோட்டுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். "முன்னே கூப்பிட்டா மாடு திரும்பிப் பார்க்கும். இப்போ அதுகிட்டே போகப் பாலத்தடிக்குச் சுத்திக்கிட்டு நடக்கிறேன்" என்பாள். எனக்குக் குறுக்கு வழி, அவளுக்குச் சுற்று வழி. ஒரே ரோடுதான்.

இனி, என் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. அக்காவின் குரல். "அத்தானுக்கு மார்வலிடீ" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவர்களுடைய பிள்ளை வெளிநாட்டில். என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் காரை எடுத்தார். அக்கம்பக்கத்தார் அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். முக்கால் மணியில் நாங்கள் அங்கே இருந்தோம். நடைபாதை பெஞ்சியில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். விடிந்து டாக்டர் வந்து, "பயமில்லை" என்று சொல்கிற வரையில் விடவேயில்லை. பழைய காலமாயிருந்தால் முதல் ரயிலுக்காக நான் தாம்பரம் ஸ்டேஷனில் தவித்துக்கொண்டிருப்பேன். அன்று அந்த ரோட்டை மனசாரக் கும்பிட்டேன்.

அத்தான் பிழைத்தார். இப்போது வாக்கிங் போகிறார், உப்பில்லை என்று சண்டை போடுகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பத்து மணிக்குப் போனேன். நாலு மணிக்குக் கைப்பையை எடுத்தேன். "சாயங்காலமானால் வானகரம் டோல்கேட்டில் கூட்டம் சேர்ந்துவிடும் அக்கா" என்றேன்.

காபி டம்ளரை அவள் என் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு ராத்திரி முக்கால் மணியிலே ஓடி வந்தே. அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா முன்னேயெல்லாம் ரெண்டு ரயில் மாறி வந்து நாலு நாள் இருப்பே. இப்போ காபி ஆறுறதுக்குள்ளே கிளம்பறே. ரோடு கிட்டே வந்தது, நீ தூரப் போயிட்டே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியவில்லை. 'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்றிருந்தேன். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்குத்தான் நாம் போவதே இல்லை.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்போமல்லவா? பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விடுவோம். சென்னையும் அப்படித்தான். முதலில் நூறடி ரோடு ஊருக்கு வெளியே இருந்தது. இன்று அது நடு ஊர். பிறகு இந்த பைபாஸ். 2011-இல் மாநகராட்சியின் எல்லை 176 சதுர கிலோ மீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அம்பத்தூர், புழல், போரூர் எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. 2021-இல் தாம்பரமே தனி மாநகராட்சி. அதற்குள் வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோ மீட்டரில் இன்னொரு வெளிவட்டச் சாலை. மடிப்புகள் பிரியப் பிரியப் பெண் வளர்ந்துகொண்டே போகிறாள். நாமோ அவசரத்தில் ஓடிக்கொண்டேயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த பழைய பெட்டியை இறக்கச் சொன்னேன்.

"எங்கே பிரயாணம்?" என்றார் இவர்.

"அம்பத்தூருக்கு."

"அதற்கு எதற்குப் பெட்டி?"

"நாலு நாளைக்குப் புடைவை வைக்க வேண்டாமா?" என்றேன்.