பட்டறையில் ஒலிக்கும் குரல்

காட்சியைக் கண் பற்றிக்கொள்ளும். கருத்தைச் செவியே உள்ளத்தில் சேர்க்கும். திருக்குறளில் கேள்விக்கென ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. 1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ வெளிவந்தபோது மக்கள் திரண்டதும், திரையில் தமிழ் ஒலிக்கக் கேட்கும் ஆவலால் அன்றோ?

நம் தோட்டத்து முதிய தச்சர் ஒருவரின் தொழிலைக் கைப்பேசியில் படம்பிடிக்க ஆறாம் ஆண்டு மாணவர்கள் விரும்பினர். உளியையும் இழைப்புளியையும் கையாளும் முறையை அவர் எங்கும் எழுதி வைத்தவரல்லர். அவ்வறிவு அவர் வாய்ச்சொல்லிலேயே வாழ்கிறது. ஆகவே, படத்தினும் குரலே முதன்மையானது என மாணவர்க்கு எடுத்துரைத்தோம்.

பட்டறையோ குரலுக்கு ஏற்ற இடமன்று. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், சொல்லோடு எதிரொலி கலந்து தெளிவு கெடுகிறது. இதற்கு முதல் மருந்து அண்மையே. பேசுபவரிடமிருந்து தொலைவு இருமடங்கானால், நேரே வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. எனவே, படக்கருவி தள்ளி நிற்கலாம்; ஒலிவாங்கி தள்ளி நிற்கலாகாது. சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கியை மோவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்தினோம். அஃதில்லாதவர் மற்றொரு கைப்பேசியை அருகில் வைத்து ஒலியைப் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்துவது எளிது.

அடுத்து, கயிறு கட்டித் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டோம். அவை எதிரொலியைக் குறைத்தன. காற்றாடியை நிறுத்தினோம். “தாத்தா, முதலில் செய்து காட்டுங்கள், பிறகு சொல்லுங்கள்” என மாணவர் பணிவுடன் வேண்டினர். இரம்பம் அறுக்கும் ஓசையைத் தனியே பதிவு செய்தோம். எவரும் பேசாத வேளையின் ஒலியையும் அரை நிமிடம் பதிந்துகொண்டோம். காட்சிகளை ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது உதவும். மழை பெய்தபோது பொறுமையுடன் காத்திருந்தோம்.

தம் தந்தையாரிடம் தொழில் பயின்ற நாளைக் கூறுகையில் முதியவரின் குரல் தாழ்ந்தது. அத்தாழ்ந்த குரலும் ஒரு சொல் குறையாமல் பதிவாகியிருந்தது. நம் உழைப்பு அனைத்தும் அதற்காகவே என மாணவர் உணர்ந்தனர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் தொழில் அறிந்த தாத்தா பாட்டியர் உள்ளனர். காற்றாடியை நிறுத்துங்கள், அருகில் அமருங்கள், குறுக்கிடாது கேளுங்கள். அவர்தம் குரலைத் தெளிவாகப் பதிந்து பேணுதல் உங்கள் கடமையாகும்.