மீண்டும் ஆடிப் பார்த்த ஆட்டங்கள்

விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்குச் சங்க மலரில் இடம் உண்டா என்று அன்பர் சிலர் ஐயுறலாம். உண்டு என்பதே நம் துணிபு. ஊரை விட்டுப் புறப்பட்ட தமிழர் தம்மோடு எடுத்துச் சென்றவற்றுள் மொழியும் சமையலும் போல விளையாட்டும் ஒன்று. ஆடுபுலி ஆட்டத்திற்கு 3 புலிகளும் 15 ஆடுகளும் போதும். சாக்குக்கட்டியால் தரையில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். வங்காளத்திற்கு வந்தாலோ, அதே இனத்தைச் சேர்ந்த ஆட்டத்தை இங்குள்ளோர் 'பாக்பந்தி' என்று அழைக்கக் காண்கிறோம். பெயர் வேறு, புலி ஒன்றுதான்.

இன்று நாற்பதைக் கடந்து நிற்பவர்களுக்கு வேறொரு வகை ஆட்டமும் பழைய ஆட்டமாகிவிட்டது. அது கணிப்பொறி ஆட்டம். நேற்று வந்த பொருளைப் பழையது என்று சொல்லலாமா எனின், சொல்லலாம். இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1955-56-இல் நம் நகரத்தின் வடக்கே பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்து எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அது கணக்கிடப் பிறந்த பொறி. அதன் வழித்தோன்றல்கள் விளையாடக் கற்றுக்கொண்டு நம் வீடுகளுக்குள் நுழைந்தது 1990-களில்.

அலிப்பூர்வாசிகளுக்கு அந்த நுழைவாயில் அருகிலேயே இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய கிதிர்ப்பூரின் ஃபேன்சி மார்க்கெட், வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற இடம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஆட்டப் பெட்டியின் போலிகள் அத்தகைய கடைகளின் வழியாகவே நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் செருகும் ஆட்டப் பேழைகளின்மேல் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில பத்து ஆட்டங்களே. அவையே மீண்டும் மீண்டும் வேறு எண்களில் வரும். ஒரே கடிதத்தின் நகல்களுக்குத் தனித்தனி எண் இட்டுக் கோப்பைப் பெருக்கும் கலையை அரசு அலுவலகத்தார் மட்டும் அறிந்திருக்கவில்லை போலும்!

அந்நாளில் தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அது எல்லார் வீட்டுப் பெட்டி. தமிழ்ப் பிள்ளை, வங்காளிப் பிள்ளை, பீகாரிப் பிள்ளை என ஏழெட்டுத் தலைகள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின்முன் கூடும். கைப்பிடிகளோ இரண்டு. ஓர் உயிர் போனால் அடுத்தவன் முறை என்பது எவரும் எழுதாத சட்டம். புதிதாக மாற்றலாகி வந்த குடும்பத்துப் பிள்ளை வங்காளி பேசக் கற்றது பள்ளியில் பாதி, அந்தப் பெட்டியின்முன் பாதி.

அண்மையில் விடுமுறை மாலைகளில் அந்தப் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து நாம் மீண்டும் ஆடினோம். கண்ட முடிவுகளுள் சிலவற்றை இங்கே உரைக்கிறோம். முதற்கண் சொல்ல வேண்டியது: பழையவை என்ற ஒன்றினாலேயே எல்லாம் சிறந்தவை ஆகிவிடா.

'டேஞ்சரஸ் டேவ்' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜான் ரொமேரோ என்பவர் ஆக்கியது. 1990-இல் டாஸ் கணிப்பொறிகளுக்கு வந்து, நம் நாட்டுப் பள்ளிகளின் கணிப்பொறி அறைகளில் பெரும் பேறு பெற்றது. சிவப்புத் தொப்பியணிந்த சிறுவன் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவை அடைய வேண்டும். பத்துக் கட்டங்கள். மூன்று உயிர்கள். அன்று அதை முடித்தவன் வகுப்பில் தலைவன். இன்று ஆடிப் பார்த்தால், வழி தெரிந்தபின் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அதன் சுவையில் பெரும்பகுதி ஆட்டத்தில் இல்லை என்பது தெளிவாயிற்று; தோளுக்குமேல் எட்டிப் பார்த்து 'தாவு, தாவு' என்று கத்திய தோழர்களிடம் இருந்தது.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ' அப்படியன்று. மியாமோதோ என்னும் ஜப்பானியக் கலைஞரின் படைப்பு. அதன் முதல் திரையைக் கூர்ந்து நோக்குங்கள். வலப்பக்கத்திலிருந்து காளான் வடிவில் ஓர் எதிரி மெல்ல நடந்து வருகிறான். நின்றால் இறப்பீர்கள், எனவே தாவுகிறீர்கள். தாவும்போது தலைக்குமேல் உள்ள பெட்டியில் முட்டினால் காசு கிடைக்கிறது. அரை நிமிடத்திற்குள் ஆட்டத்தின் இலக்கணம் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. ஓர் எழுத்தும் இல்லை, ஆசிரியரும் இல்லை. போலிப் பெட்டிகளோடு விளக்க நூல் ஏதும் வராத நம் ஊரில், ஆங்கிலம் அறியாத பிள்ளையும் அதை ஆடியதன் காரணம் இதுவே. நாற்பதாண்டு கழிந்தும் அப்பாடம் பழுதுபடவில்லை.

அலுவலகத்தார்க்கு நெருங்கிய ஆட்டம் ஒன்று உண்டு. பெயரைச் சொன்னால் புன்னகைப்பார்கள். 'சாலிடேர்' என்னும் தனியாள் சீட்டாட்டம், 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. மவுஸைப் பிடித்து இழுத்து விடும் பழக்கத்தை மக்களுக்கு உண்டாக்கவே அதைச் சேர்த்தனர் என்பர். அந்த நோக்கத்தை எத்துணை அரசு ஊழியர்கள் எத்துணை ஊக்கத்தோடு நிறைவேற்றினார்கள் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை! பழைய வடிவை மீண்டும் ஆடியபோது நம்மைக் கவர்ந்தது அதன் அமைதி. வென்றால் சீட்டுகள் துள்ளி விழும். தோற்றால் மறுபடியும் பகிரும். அவ்வளவே. பின்னர் விண்டோஸ் 10 உடன் 2015-இல் வந்த வடிவில் இடையிடையே விளம்பரம் வருகிறது. வேண்டாமெனில் பணம் கட்ட வேண்டும். பழையது நம்மிடம் எதையும் கேட்டதில்லை.

'டெட்ரிஸ்' ஆட்டத்தை 1984-இல் மாஸ்கோவில் ஆக்கியவர் அலெக்சி பஜித்னோவ். அவர் பணி அறிவியற் கழகத்தின் கணிப்பு நிலையத்தில். அவரும் அரசு ஊழியரே. மேலிருந்து விழும் கட்டிகளை அடுக்க வேண்டும். நிறைந்த வரிசை மறையும். நிறையாத பிழை நின்று மேலேறும். முடிவே இல்லாத ஆட்டம் என்று கருதப்பட்டது. 1989-இல் வந்த நின்டெண்டோ வடிவை, 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், 13 வயதினன், ஆடிக்கொண்டே சென்று 157-ஆம் நிலையில் பொறியே திகைத்து நிற்கும்படி செய்தான். 34 ஆண்டுகளாக எல்லாரையும் வென்ற ஆட்டம், அது வெளிவந்தபோது பிறந்திராத ஒருவனிடம் தோற்றது. பழைய ஆட்டம் பழைய தலைமுறைக்கே உரியது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, நாற்பது வயதில் மீண்டும் ஆடியபோது முன்னினும் பெரிதாகத் தோன்றிய ஆட்டத்திற்கு வருவோம். அது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. 1989-இல் ஜோர்டான் மெக்னர் என்னும் இளைஞர் ஆக்கியது. தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படமெடுத்து, அவ்வசைவுகளையே வரைந்து இளவரசனுக்கு உயிர் கொடுத்தார். இசை அமைத்தவர் அவர் தந்தையார். இளவரசியை மீட்க 60 நிமிடம். எத்தனை முறை இறந்தாலும் மீண்டும் எழலாம். ஆனால் சென்ற நிமிடம் மீளாது. பதின்பருவத்தில் இவ்விதி வெறும் தடையாகத் தோன்றியது. இப்போது அதில் பொருள் தெரிகிறது.

நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கும். ஓடி வந்து அதனூடே பாய்ந்தால், இளவரசனின் நிழல் மறுபுறமாகப் பிரிந்து ஓடும். அக்காலப் பொறியின் நினைவகம் மிகச் சிறியது; புதிய எதிரி ஒருவனை வரைய இடமில்லை. எனவே இளவரசனின் உருவையே சிறிது மாற்றி எதிரியாக்கினார் மெக்னர். வறுமை தந்த அணி அது. அந்நிழல் நமக்குரிய மருந்தைக் குடித்துவிடும். கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் வீழ்த்தும். இறுதியில் வாளேந்தி எதிரே நிற்கும். அதை வெட்டினால் வெட்டுக் காயம் நமக்கே. வழி ஒன்றே: வாளை உறையில் இட்டு அதனை நோக்கி நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிடும். பள்ளிப் பருவத்தில் இதைத் தோழன் ஒருவன் சொல்லித்தான் அறிந்தோம். தந்திரம் என்று கருதினோம். இந்த வயதில் அதைத் தந்திரம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இவ்வாட்டத்தின் பின்கதையும் அறியத் தக்கது. அதன் மூல நிரல் நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 2012-இல் மெக்னரின் தந்தையார் தம் வீட்டு அலமாரியில் பழைய வட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். வல்லுநர் சிலர் வந்து, பழைய பொறிகளை இயக்கி, நிரலை மீட்டனர். காந்த வட்டு நாளடைவில் தானே அழியும் பொருள். பெட்டி இன்னும் பல்லாண்டு அங்கேயே கிடந்திருந்தால் மீட்க ஏதும் எஞ்சாமற் போயிருக்கும்.

நம் அலிப்பூரின் பெல்வெடியர் வளாகத்தில் தேசிய நூலகம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் அங்கே வந்து சேர வேண்டும். தமிழ் நூலும் அதில் அடங்கும். ஆட்டங்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு கூறிற்று. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமைப்பு 2015-இல் ஏறத்தாழ 2,400 பழைய டாஸ் ஆட்டங்களை எவரும் ஆடும்படி வைத்தது. இந்திய இளைஞர்களும் தம்மளவில் இத்தொண்டு செய்கின்றனர். 2006-இல் வந்த 'கிரிக்கெட் 07' ஆட்டத்திற்குப் பின் அந்நிறுவனம் வேறு கிரிக்கெட் ஆட்டத்தைத் தொடரவில்லை. ஆனால் அன்பர்கள் புதிய வீரர்களின் பெயர்களையும் சீருடைகளையும் தாமே சேர்த்து அதை வாழவைத்தனர். காப்பது என்பது பூட்டி வைப்பதன்று, இயக்கிக்கொண்டே இருப்பது என்பதற்கு இது சான்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது விளையாட்டுச் செய்தி மட்டும் அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் வங்காளியும் ஆங்கிலமும் பேசுகின்றனர்; தமிழ் வீட்டு மொழியாக நிற்கிறது. அலமாரியில் அடுக்கிய தமிழ் நூல்களைக் காட்டி நாம் பெருமை கொள்கிறோம். வாசிக்கப்படாத நூலும் இயக்கப்படாத வட்டும் ஒருநாள் ஒரே நிலையை அடையும்.

பிள்ளைகளிடம் பழைய ஆட்டத்தைத் தரும்போது, 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் சொற்பொழிவையும் சேர்த்துத் தர வேண்டாம் என்பது நம் கருத்து. அவர்கள் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களுள் நல்லவையும் உள. நாள்தோறும் வரச் சொல்லிக் கெஞ்சுபவையும், பணம் கட்டினால் வலிமை தருபவையும் உள. இரண்டையும் பிரித்தறிய அவர்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். எவரிடமும் பணம் பெறாமல், தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் ஒரே விதி வைத்த பழைய ஆட்டம் ஒன்றை ஆடிப் பார்த்தவர்களுக்கு அவ்வளவுகோல் தானே கிடைக்கும்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வருகிற பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்குக. ஒரு மூலையில் சாக்குக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைக; மறு மூலையில் பழைய கணிப்பொறி ஒன்றை வைத்து மாரியோவை ஓடவிடுக. பாட்டியர் ஒருபுறம் அமர்ந்து பேரப் பிள்ளைகளுக்கு விதி சொல்லட்டும். பெற்றோர் மறுபுறம் நின்று சொல்லட்டும். எந்த மொழியில் சொல்வது என்று எவரும் கட்டளையிட வேண்டாம். புலி வெட்ட வரும்போது பாட்டி தமிழில்தான் கூவுவாள். பிள்ளைக்கும் அது விளங்கும்.